உரிமைப் பிரச்சினை

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல், இடுக்கி மாவட்டத்தில் பூப்பாறைக்கும் போடிமெட்டுக்கும் இடையே உள்ள மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர்கள், சட்டப்படி தங்களுக்கு வந்த ஓர் உரிமையை, அது இன்னதென்று அறியாமலேயே, ஒரே குரலில் விட்டுக்கொடுத்தார்கள். கூட்டம் நடந்த இடம் கோயிலை ஒட்டிய மண்டபம். ஈஸ்டர் கழிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியை எழுதியவள் டின்சி. அதை எழுந்து நின்று வாசித்தவளும் அவளே.

டின்சி தோட்ட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வணிகவியல் பட்டம் பெற்றவள். கொச்சித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதங்கள் ஆங்கிலத்தில் வரும். தோட்டத்து மக்கள் வாசிப்பதோ தமிழ். நடுவில் இருக்கும் பள்ளத்துக்குப் பலகை போடுவது அவள் பொறுப்பு. மற்றத் தோட்டங்களில் ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அது சோம்பேறித்தனம் என்பது டின்சியின் கட்சி. அவள் அறிவிப்புப் பலகையில் டிவிடெண்டு ஈவுத்தொகை ஆயிற்று; ஆடிட் தணிக்கை ஆயிற்று. தேயிலை விலை இரண்டு ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே போனதைப் பற்றி வந்த கடிதத்தில் இருந்த ரிசஷனை அவள் 'மந்தம்' என்று எழுதி ஒட்டிய அன்று, கொழுந்து நிறுக்கும் எடைக்களத்தில் கத்தரீனாள் அதை உரக்க வாசித்தாள்.

"சந்தைக்கு மந்தமாம்ல. ரெண்டு மடக்கு ஓமத்தண்ணி குடுங்க, சரியாப் போவும்."

களமே சிரித்தது. டின்சி சிரிக்கவில்லை. சரியான சொல்லைக் கண்டு சிரிப்பவர்கள்தாம் திருந்த வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் பின்னால் அவளுக்கு வினையாக முடிந்தது.

நடந்ததைப் புரிந்துகொள்ளக் கம்பெனியின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். பழைய முதலாளிகள் தோட்டத்தைக் கைகழுவிவிட்டுப் போனபோது, கம்பெனியின் பங்குகளில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத் தொழிலாளர்களுக்கு வந்து சேர்ந்தது. அவை ஆளுக்கு ஆள் பிரிந்து கிடக்கவில்லை. ஓர் அறக்கட்டளையின் பெயரில் ஒன்றாக இருந்தன. அதன் தலைவர் சுவக்கீன், கத்தரீனாளின் கணவர். கொழுந்து பறிக்கும் வெளிக்காட்டில் மேற்பார்வை பார்ப்பவர். கோயிலில் செபம் சொல்வதற்கும் பாட்டு எடுப்பதற்கும் முதல் குரல் அவருடையது. அறக்கட்டளை எதைச் செய்வதானாலும் பொதுக்கூட்டத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இப்போது தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் டிரையர் அடிக்கடி பழுதாகி நின்றுகொண்டிருந்தது. வங்கி கடன் தர மறுத்துவிட்டது. ஆகவே பணத்துக்காகப் புதுப் பங்குகளை விற்பதென்று கம்பெனி முடிவு செய்தது. அவற்றை வெளியாருக்கு விற்பதற்கு முன், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு, அவரவர் வைத்திருக்கும் அளவுக்கு ஏற்றபடி, குறைந்த விலையில் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் அந்த வாய்ப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். பங்கு வணிகத்தில் இதற்கு ரைட்ஸ் இஷ்யூ என்று பெயர்.

தொழிலாளர்கள் விட்டுக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளக் கொச்சியில் ஒரு முதலீட்டாளர் காத்திருந்தார். மீதிப் பங்குகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. புதுப் பங்குகளும் போனால் கம்பெனியில் பாதிக்கு மேல் அவருடையதாகிவிடும். அவர் ஒளிவுமறைவு இல்லாதவர். இங்குள்ள தொழிற்சாலையை மூடிவிட்டுக் கொழுந்தை லாரியில் தம்முடைய வேறொரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோவதாகவும், கட்டடத்தைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றுவதாகவும் முன்பே சொல்லியிருந்தார். டின்சியின் கணவன் அருண்பாண்டிக்கு மஞ்சக்கல் தொழிற்சாலையின் டிரையர் அறையில்தான் வேலை. அது மூடப்பட்டால் இருவரும் திருப்பூருக்குத்தான் போக வேண்டும். அருண்பாண்டி கல்யாணத்துக்கு முன் ஒருமுறை அங்கே போய், பனியன் கம்பெனித் தூசியில் மூச்சு முட்டித் திரும்பியவன்.

ஆகவே டின்சி அந்தக் கூட்டத்தை அலட்சியமாக நடத்தினாள் என்று யாரும் சொல்ல முடியாது. அறிவிப்பில் 'பங்குக் கூட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். கத்தோலிக்கர்கள் நிறைந்த தோட்டத்தில் பங்கு என்றால் முதலில் கோயில் பங்குதான், ஒரு கோயிலைச் சேர்ந்த சபைதான் என்பது எழுதும்போது அவளுக்குத் தோன்றவில்லை. பெண்கள் ஈஸ்டருக்கு எடுத்த புதுச்சேலையில் வந்தார்கள். சிலர் கையில் செபமாலை இருந்தது. கம்பெனியின் நிதி அதிகாரி ஜோமோன், தொடுபுழைக்காரர், மலையாளமும் தமிழும் கலந்து நெடுநேரம் விளக்கினார். அவர் வாயிலிருந்து சதவீதங்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. மக்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டின்சி எழுந்து, தான் எழுதிவைத்திருந்த கேள்வியை வாசித்தாள்.

"மஞ்சக்கல் தொழிலாளர்களாகிய நீங்கள், இந்த உரிமைப் பிரச்சினையை விட்டுவிடுகிறீர்களா,"

அந்த இடத்தில் ஒரு காற்புள்ளி இருந்தது. காற்புள்ளிக்கு உரிய அளவு நிறுத்தி மூச்சு வாங்கினாள். 'அல்லது ஏற்றுக்கொள்கிறீர்களா' என்பது அடுத்த வரியில் இருந்தது. அதை வாசிக்க அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

"விட்டுவிடுகிறோம்" என்றது மண்டபம். முதலில் எழுந்தது சுவக்கீனின் குரல். அடுத்த கணம் எல்லாக் குரலும் அதனோடு சேர்ந்துகொண்டது.

பின்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஜோமோன் வியப்போடு புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் ஒரு கூட்டம் ஒருமனதாகச் சொன்னதை மறுத்துப் பேச அவர் யார்? தீர்மானத்தை எழுதினார், சுவக்கீன் கையெழுத்துப் போட்டார். டின்சி தாளில் வாசிக்காமல் விட்ட வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வருவதற்குள் ஜோமோனின் ஜீப்பு கிளம்பியிருந்தது. மண்டபத்தில் தேநீரும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அவள் அதைச் சொன்னபோது அருண்பாண்டி கோபப்படவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்க, விட்டுவிடுகிறோம், விட்டுவிடுகிறோம் என்று சொன்ன வாய்கள் அவை. பழக்கதோஷத்தில் இங்கேயும் அதையே சொல்லிவிட்டார்கள். கேட்டது என்ன என்று ஒருவர்கூடக் காது கொடுக்கவில்லை என்று டின்சி பொரிந்து தள்ளினாள்.

"நீயும் அங்கதான நின்ன" என்றான் அவன். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் காலையில் அவள் ஜோமோனைத் தொலைபேசியில் அழைத்தாள். பங்கு வாங்கும் பணம் போனஸில் பிடிக்கப்படும் என்று பயந்துதான் அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்று அவர் நினைத்திருந்தார். டின்சி நடந்ததைச் சொன்னாள்.

"சேச்சி, தலைவர் கையொப்பு இட்ட தீர்மானம். நான் அதைக் கிழிச்சுப் போட முடியாது" என்றார். "இன்னொரு யோகம் கூடினா மாத்தலாம். ஆனா கூட்டணும்னு தலைவர்தான் எழுதித் தரணும். மாசக் கடைசிக்குள்ள எல்லாம் முடியணும்."

யோகம் என்றால் மலையாளத்தில் கூட்டம். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள அதிர்ஷ்டம் என்ற பொருளும் இப்போது தேவைப்படும் போலிருக்கிறது என்று டின்சி எண்ணிக்கொண்டு எடைக்களத்துக்குப் போனாள்.

சுவக்கீன் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டின்சி நடந்ததைச் சொன்னாள். சொன்ன விதம்தான் பிசகிவிட்டது.

"கோயில்ல சொல்ற மாதிரியே சொல்லிட்டீங்க மாமா. கேள்வியை முழுசா கேக்கல. நீங்க ஆரம்பிச்சதும் எல்லாரும் பின்னால சொல்லிட்டாங்க."

அவர் முகம் கறுத்தது. சுற்றிலும் பெண்கள் கொழுந்து மூட்டையோடு நின்றார்கள்.

"அப்ப நாங்க கிளிப்பிள்ளைங்கன்னு சொல்லுத."

"அப்படி இல்ல மாமா..."

"கேட்டோம். புரிஞ்சிது. விட்டுட்டோம்னு சொன்னோம். இனிமே என்னத்துக்கு யோகம்? நீ போயி உன் ஆபீசுல வேலையப் பாரு பிள்ள."

இரண்டு நாளில் தோட்டம் முழுவதும் அதே பேச்சாகிவிட்டது. தெரிந்துதான் சொன்னோம் என்றார்கள் கிழக்கு டிவிஷனில். தெரியாமலா சொல்வோம் என்றார்கள் மேற்கு டிவிஷனில். எதைத் தெரிந்து சொன்னீர்கள் என்று கேட்டால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிற்று. ஒருவர் பிழை செய்தால் அதை ஒப்புக்கொள்வதற்கு அவர் ஒருவர் மனம்வைத்தால் போதும். ஒரு தோட்டமே சேர்ந்து செய்த பிழை அப்படியன்று. அது எல்லோருக்கும் மானமாகிவிடுகிறது. டின்சி போகும் வழியில் பெண்கள், "ஏட்டி, கேள்வி எதுவும் வச்சிருக்கியா, இப்பவே பதில் சொல்லிருதோம்" என்று சீண்டினார்கள்.

வெள்ளிக்கிழமை டிரையர் மறுபடியும் நின்றது. அருண்பாண்டி கையெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்து, திருப்பூரில் இருக்கும் தன் சிநேகிதனிடம் பேசியதாக மட்டும் சொன்னான். சோறு உண்ணும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டின்சி சுவக்கீனின் வீட்டுக்குப் போனாள். இந்த முறை எதையும் நிறுவப் போகவில்லை. அவளிடம் வாதங்கள் தீர்ந்துபோயிருந்தன. லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் கடைசி வீடு அது. கத்தரீனாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவக்கீன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். அவளைக் கண்டதும் மறுபடியும் சட்டையைப் போட்டுக்கொண்டார். சண்டைக்குத் தயாராகிறார் என்று அதற்குப் பொருள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க புரிஞ்சுதான் சொன்னீங்க. சரி. எதை விடுறோம்னு நெனச்சு விட்டுட்டோம்னு சொன்னீங்க?"

"இது என்ன கேள்வி? நீதான வாசிச்ச. பிரச்சினையை."

"என்ன பிரச்சினையை?"

"உரிமைப் பிரச்சினையை." சுவக்கீன் உட்கார்ந்தார். குரல் தணிந்தது. "சமரம், அந்த ஸ்டிரைக்கு நடந்தப்ப நீ காலேஜுல இருந்த. உரிமைப் பிரச்சினை, உரிமைப் பிரச்சினைன்னு சொல்லித்தான் எங்களை ரோட்டுல உக்கார வச்சாங்க. மழையில உக்காந்தோம். இந்த லயத்துல ஒரு அடுப்புப் புகையல. உங்க அத்தை தாலியை அடகு வச்சா. அதெல்லாம் முடிஞ்சு இப்பத்தான் நிம்மதியா சோறு திங்கோம். நீ எந்திரிச்சு நின்னு, உரிமைப் பிரச்சினையை விடுதீங்களான்னு கேக்க. விட்டாச்சு தாயி, இனிமே சண்டை வேண்டாம்னு சொன்னோம். எந்த மடையன் பிரச்சினை வேணும்னு சொல்லுவான்?"

இஷ்யூ என்ற ஆங்கிலச் சொல் டின்சியின் மனத்துக்குள் ஒருமுறை புரண்டு படுத்தது. நாளேடுகளில் அது பிரச்சினை. அரசியல்வாதி பேசினால் அது பிரச்சினை. ஆனால் பங்குகளைப் பற்றிப் பேசும்போது அது வெளியிடுவது. கம்பெனி பங்குகளை வெளியிடுகிறது, அவ்வளவுதான். கல்லூரியில் ரைட்ஸ் இஷ்யூவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள் அவள். அது எப்படி நடக்கும், யாருக்கு எத்தனை கிடைக்கும் என்றெல்லாம் தலைகீழாகத் தெரியும். அந்த இரண்டாவது சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை. கைப்பேசியில் தட்டினாள், பிரச்சினை என்று வந்தது, எழுதிவிட்டாள். உரிமை என்ற சொல்லைத் தோட்டத்தில் எங்கே கேட்டாலும் பக்கத்திலேயே ஒரு பிரச்சினை நிற்கும். ஆகவே அது அவள் கண்ணை உறுத்தவே இல்லை.

அவர்கள் செபம் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்கு அறிவுள்ளவர்கள் சொல்லக்கூடிய பதிலைத்தான் சொன்னார்கள்.

"என்னட்டி இப்படி முழிக்க?" என்றாள் கத்தரீனாள்.

"அது பிரச்சினை இல்ல அத்தை. அந்தச் சொல்லே தப்பு. நான்தான் தப்பா எழுதுனேன்." டின்சி சுவக்கீனைப் பார்த்தாள். "நீங்க சொன்னது சரி மாமா. கேட்டவதான் சரியில்ல."

சுவக்கீன் தாடையைத் தடவினார்.

"அப்ப நாங்க எதைத்தான் விட்டோம்?"

டின்சி சொன்னாள். கம்பெனி புதிதாகப் பங்குகளை விற்கிறது. அதைக் குறைந்த விலைக்கு வாங்கும் முதல் வாய்ப்பு நமக்கு. நாம் வேண்டாம் என்றால் கொச்சிக்காரருக்குப் போகும். அவருக்குப் போனால் தொழிற்சாலை மூடப்படும். ஆங்கிலமும் அகராதியும் இல்லாமல் சொன்னதால் அது நாலு வாக்கியத்தில் முடிந்தது.

கத்தரீனாள் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்படின்னா நமக்கு வர்றத நாமளே வேண்டாம்னு சொல்லி, கையும் தட்டி, பன்னும் தின்னுட்டு வந்திருக்கோம்."

முதலில் சிரித்தது சுவக்கீன்தான். சிரித்து முடித்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்து, கூட்டம் கூட்டக் கேட்கும் கடிதத்தை எழுதச் சொன்னார். கையெழுத்துப் போடுமுன் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். முதலாவது, சொல் தவறியது யாரால் என்பதைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மஞ்சக்கல்காரர்கள் தூக்கத்தில் தலையாட்டுகிறவர்கள் என்று கொச்சியில் ஒருவரும் பேசக் கூடாது. இரண்டாவது, வாங்குவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

"போனஸ்ல புடிப்பாங்க, மாமா."

"அதக் கடைசியில சொன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. மொதல்ல சொல்லு. கேட்டுட்டு உக்காந்திருக்கிறவங்களை வச்சுப் பேசுவோம்."

இரண்டாவது கூட்டம் ஏப்ரல் இருபத்தைந்தாம் நாள் நடந்தது. மண்டபம் வேண்டாம் என்று சுவக்கீன் சொல்லிவிட்டதால், தொழிற்சாலைக்குள், கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டிகளுக்கு இடையில் மக்கள் கூடினார்கள். ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்த பெண்களில் பலர் அன்றுதான் அதற்குள் முதன்முதலாகக் கால் வைத்தார்கள். தாங்கள் பறித்தது என்ன ஆகிறது என்று ஒவ்வோர் இயந்திரமாக அருண்பாண்டியைக் கேட்டுக்கொண்டே போனார்கள். அவன் டிரையரின் கதவைத் திறந்து துருவைக் காட்டினான்.

டின்சி எழுந்தாள். போனஸ் பிடித்தத்தை முதலில் சொன்னாள். முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை. பிறகு சொல் தவறிய கதையைச் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "இன்னைக்காவது கேள்வியை முழுசா வாசிச்சிருவியா, டின்சி?" என்று கேட்க, தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பின்பு உண்மையான பேச்சு தொடங்கிற்று. மகளைப் பெங்களூரில் நர்சிங் படிக்க வைத்திருந்த ஒரு பெண், கட்டணம் கட்டப் போனஸை நம்பியிருப்பவள், தொழிற்சாலை வேண்டும்தான், ஆனால் இந்த ஆண்டு என் கையில் ஒன்றும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னாள். அவளை அடுத்து வேறு சிலரும் எழுந்து அதையே சொன்னார்கள். கடன் வாங்கிக் கட்டு என்று ஒருவன் சொல்லப் போக, கத்தரீனாள் அவனை ஒரு பார்வையில் உட்கார வைத்தாள். பிடித்தத்தை இரண்டு ஆண்டுகளாகப் பிரிக்க முடியுமா, இயலாதவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் தொடங்க முடியுமா என்று சுவக்கீன் ஜோமோனைக் கேட்டார். ஜோமோன் வெளியே போய்க் கொச்சிக்குப் பேசினார். கம்பெனி பங்குத்தொகையை இரண்டு தவணையாகப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் என்ற பதிலோடு திரும்பி வந்தார்.

ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி எதையும் டின்சி அன்று கேட்கவில்லை. புதுப் பங்குகளை நாம் வாங்க வேண்டும் என்பவர்கள் தொட்டிகளின் பக்கமும், கொச்சிக்காரருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பவர்கள் வாசல் பக்கமும் போய் நிற்கும்படி சொன்னாள். வாசல் பக்கம் நின்றவர்கள் ஒரு சிறு கூட்டம். மற்றவர்கள் அனைவரும் தொட்டிகளின் பக்கம் நெருக்கியடித்து நின்றார்கள். வாசலில் நின்றவர்களை யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் நின்ற பிறகு, எதற்காக அங்கே நிற்கிறீர்கள் என்று இரு பக்கத்திலும் சிலரைக் கேட்டுவிட்டுத்தான் ஜோமோன் பேனாவைத் திறந்தார்.

அன்று முடிவு செய்யப்பட்டவை இவை. ஏப்ரல் பதினோராம் நாள் தீர்மானம் நீக்கப்பட்டது. அறக்கட்டளை தனக்கு உரிய புதுப் பங்குகள் அனைத்தையும் தானே வாங்குவது என்று தீர்மானிக்கப்பட்டது. அதற்கான தொகை இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் போனஸிலிருந்து பிடிக்கப்படும். இந்த ஆண்டு இயலாது என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு அடுத்த ஆண்டில் மட்டும் பிடிக்கப்படும். கிடைக்கும் பணத்தில் முதல் செலவு டிரையருக்கு. கம்பெனி அறிவிப்பு எதுவானாலும் பலகையில் ஒட்டுவதற்கு முன் எடைக்களத்தில் வாசிக்கப்பட வேண்டும். கேட்டவர்கள் தாங்கள் புரிந்துகொண்டதைத் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை மஞ்சக்கல்லிலேயே தொடர்ந்து நடக்கும்.